வழக்கு 49 கிராமில் இருக்கிறது

கேள்வி: சிறுவயதிலிருந்தே ரெஜிபோமில் விமானம் செய்து ரிமோட்டில் பறக்கவிடுவது என் பொழுதுபோக்கு. லண்டனில் இருக்கும் மச்சான் ஒரு சின்ன கமரா ட்ரோன் தந்தார். அங்கே அவர் பதிந்த இலக்கம் இன்னும் அதில் ஒட்டியிருக்கிறது. ட்ரோன் 249 கிராம்தான். 250க்குக் குறைந்தால் பதிவு தேவையில்லை என்று இணையத்தில் சொல்கிறார்கள். மூன்று மாதத்துக்கு முன் ஒரு பின்னேரம் வாவிக்கரையில் பறக்கவிட்டபோது பொலிஸார் வந்து பத்திரம் கேட்டார்கள். இல்லை என்றதும் ட்ரோனைக் கொண்டுபோய்விட்டார்கள். கேட்கப் போனால் "பிறகு வாங்கோ" என்கிறார்கள். இன்னும் இறுக்கமான விதிகள் வரப்போகின்றன, ரெஜிபோம் விமானத்தையும் பதியவேண்டி வரும் என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள். காசுக்கு ஓடாத எங்களுக்கு எதற்குப் பதிவு? அமெரிக்காவில் ஒருவர் வழக்குப் போட்டுப் பதிவையே இல்லாமல் செய்தாராமே, நாங்களும் போடலாமா? ட்ரோனை எப்படி மீட்பது?

— பெயர் வேண்டாம், செட்டிபாளையம்

பதில்: நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன். மச்சான் ட்ரோனை எப்படி நாட்டுக்குள் கொண்டுவந்தார் என்று நீங்கள் எழுதிய இரண்டு வரிகளை வேண்டுமென்றே அச்சிடவில்லை. அந்த வரிகளை வேறு எந்தத் தாளிலும் எழுதாதீர்கள். உங்கள் சட்டத்தரணியிடம் வாயால் சொல்லுங்கள், போதும்.

உங்கள் கடிதத்தில் அநியாயம், பொழுதுபோக்கு, அமெரிக்கா எல்லாம் இருக்கின்றன. வழக்கைத் தீர்மானிக்கப்போவது ஒரே ஒரு விடயம்: பறக்கவிட்ட அன்று அந்த ட்ரோன் எத்தனை கிராம், இந்த நாட்டில் பதிவுக்கான எல்லை எத்தனை கிராம்?

நீங்கள் அனுப்பிய படத்தில் ட்ரோனின் கையில் 249 கிராம் என்று அச்சடித்திருப்பது தெளிவாகத் தெரிகிறது. அந்த எண் தற்செயலாக வந்ததல்ல. அமெரிக்காவிலும் இந்தியாவிலும் விதிகள் 250 கிராமில் கோடு போட்டதால், அதற்கு ஒரு கிராம் கீழே நிற்கும்படி கொம்பனி தயாரித்தது. யப்பானில் அப்போது எல்லை 200 கிராம் என்பதால் டிஜேஐ கொம்பனி 2019இல் தன் மாவிக் மினி ட்ரோனை அந்த நாட்டுக்கு மட்டும் சிறிய பற்றரியோடு 199 கிராமில் விற்றது. கொம்பனிக்கே தெரிந்திருக்கிறது, எல்லை நாட்டுக்கு நாடு மாறும் என்று.

இலங்கையில் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் வகைப்பாடு 200 கிராமில் தொடங்குகிறது. 200 கிராமுக்கு மேல் ஒரு கிலோ வரை ஒரு வகை, ஒரு கிலோவிலிருந்து 25 கிலோ வரை இன்னொன்று, அதற்கு மேல் வேறொன்று. 200 கிராமைத் தாண்டினால் பதிவு வேண்டும். உங்களுடையது 49 கிராம் தாண்டியிருக்கிறது. இணையத்தில் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை, வேறு நாட்டுச் சட்டத்தைச் சொன்னார்கள். பற்றரியையும் சேர்த்துத்தான் எடை என்பதையும் மறக்கவேண்டாம். சிறகுக் காப்பு மாட்டியிருந்தீர்களா, பெரிய பற்றரி போட்டிருந்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. போட்டிருந்தால் 249உம் உண்மையான எடை அல்ல.

மச்சானின் இலக்கம் உதவாது. பிரித்தானியாவில் ஒட்டச் சொல்லும் அந்த இலக்கம் ட்ரோனுக்கு உரியதே அல்ல, அதற்குப் பொறுப்பான ஆளுக்கு உரியது. ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கவும் வேண்டும். செட்டிபாளையத்தில் நீங்கள் ரிமோட்டைப் பிடித்த கணத்தில் அந்த இலக்கம் காட்டுவதெல்லாம் ஒன்றுதான்: இந்தப் பொருள் வேறொருவருடையது. மீட்கப் போகும் உங்களுக்கு அது பாதகம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

"காசுக்கு ஓடாத எங்களுக்கு எதற்கு?" என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் வாவிக்கரைக்கு வந்த பொலிஸாருக்கு அது பதில் அல்ல. 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சிவில் விமான சேவைச் சட்டத்தின் கீழ் இயங்கும் அதிகாரசபை, ஆள் ஏறாமல் பறப்பதை விமானமாகவே பார்க்கிறது. சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான 1944ஆம் ஆண்டுச் சிக்காகோ உடன்படிக்கையின் 8ஆம் உறுப்புரையே விமானி இல்லாத விமானத்தை நாட்டின் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது என்கிறது. அப்போது உங்கள் ட்ரோனை யாரும் கனவிலும் கண்டிருக்கமாட்டார்கள், ஆனால் வாசகம் அதையும் பிடிக்கிறது. வியாபாரமா விளையாட்டா என்பது எந்தெந்த அனுமதி மேலதிகமாக வேண்டும் என்பதை மாற்றலாம், பதிவை அழித்துவிடாது.

நமது மட்டக்களப்பு மாவட்டத்தில் இதை இன்னும் கவனமாகப் பார்ப்பார்கள். 2019 ஏப்ரல் 21 அன்று இங்கே சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுத் தாக்குதலை யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதன் பிறகு சில நாட்களிலேயே நாடு முழுக்க ட்ரோன் அனுமதிகள் இடைநிறுத்தப்பட்டன. பின்னர் தளர்த்தினார்கள் என்றாலும், கேள்வி கேட்கும் பழக்கம் பொலிஸாரிடம் தங்கிவிட்டது. மட்டக்களப்பு விமான நிலையமும் வாவியை ஒட்டியே இருக்கிறது, அது விமானப்படைத் தளமும்கூட. உங்கள் ஊர் அதிலிருந்து தள்ளித்தான். ஆனால் வாவிக்கரை முழுவதும் வெறும் மீன்பிடி இடம் என்று நினைத்துப் பறக்கவிடக் கூடாது. வைகாசிச் சடங்குக் காலத்தில் கண்ணகி அம்மன் கோயில் சனத்துக்கு மேலே கமராவோடு போவதும் வேண்டாம். அதற்கு அனுமதி வேறு, விழுந்தால் வரும் பொறுப்பு வேறு.

ரெஜிபோம் விமானத்துக்கும் எடைதான் முதல் கேள்வி. மோட்டார், பற்றரி எல்லாம் பூட்டிய பிறகு நகைக்கடைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். 200 கிராமைத் தாண்டினால், "நானே செய்தது, கமரா இல்லை" என்பதை மட்டும் நம்பிப் பறக்கவிடாதீர்கள். எடையைக் குறிப்பிட்டு அதிகாரசபைக்கு எழுதிக் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இனி அமெரிக்கா. நீங்கள் கேள்விப்பட்டது பாதிக் கதை. 2015 டிசம்பரில் அங்கே 250 கிராம் அளவுக்கு மேற்பட்ட பொழுதுபோக்கு விமானங்களுக்கு 5 டொலர் கட்டணத்தில் பதிவு வந்தது. ஜோன் டெயிலர் என்ற பொழுதுபோக்குக்காரர் தானே வாதாடி, 2017 மே மாதம் வொஷிங்டன் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார். அவர் வென்றது பதிவு அநியாயம் என்று நீதிமன்றம் நினைத்ததால் அல்ல. மாதிரி விமானங்களுக்கு விமானத்துறை நிர்வாகம் புது விதி செய்யக் கூடாது என்று அந்த நாட்டுக் காங்கிரஸ் 2012லேயே சட்டத்தில் எழுதி வைத்திருந்தது, அந்த ஒரு வரிதான் அவரை வெல்ல வைத்தது. 2017 டிசம்பரில் காங்கிரஸ் இன்னொரு சட்டத்தால் பதிவைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. விதி செய்யக் கூடாது என்ற அப்படியொரு தடை நம்முடைய 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருப்பதாகக் கடிதத்தில் நீங்களும் காட்டவில்லை.

அந்தத் தீர்ப்பில் இன்னொரு பகுதியும் உண்டு, அதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். வொஷிங்டன் நகரைச் சுற்றிப் பறக்கத் தடை போட்ட அறிவித்தலையும் டெயிலர் எதிர்த்தார். அதில் தோற்றார். காரணம், அறிவித்தல் வந்து 60 நாளுக்குள் அவர் நீதிமன்றத்துக்கு வரவில்லை.

புதிய விதி வருவதாகப் பேச்சு இருந்தால் அதை மாற்றும் வழி வழக்கு அல்ல, வரைவு வெளிவரும்போது எழுத்தில் கொடுக்கும் ஆட்சேபம். பிரித்தானியாவில் பதிவுக் கட்டணம் 16.50 பவுண் என்று முன்மொழிந்தார்கள். மாதிரி விமானச் சங்கங்கள் எழுதித் தள்ளின. 2019இல் நடைமுறைக்கு வந்தபோது கட்டணம் 9 பவுண். இந்தியாவில் 2021 மார்ச் விதிகளைப் பலரும் எதிர்த்ததால், அதே ஆண்டு ஓகஸ்ட் 25ஆம் திகதி இலகுவான புதிய விதிகள் வந்தன. நீங்களும் கூட்டாளிகளும் ஒரு சங்கமாகப் பதிந்துகொண்டு, எடை, இடம், பாதுகாப்பு பற்றித் திட்டவட்டமாக எழுதுங்கள். ஆனால் வரைவு சட்டமல்ல. நாளை வரப்போகும் விதி எப்படியிருந்தாலும், உங்கள் ட்ரோனை எடுத்தது நேற்றைய விதியின் கீழ்.

இப்போது மீட்பு. தம்பி, மூன்று மாதம் என்ன செய்தீர்கள்? பொலிஸார் பொருளை எடுத்த அன்றே பற்றுச்சீட்டு கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை என்று நீங்களே எழுதுகிறீர்கள். எந்த உத்தியோகத்தர் எடுத்தார், முறைப்பாட்டுப் புத்தகத்தில் என்ன பதிந்தார்கள், வாக்குமூலம் தந்தீர்களா, தந்திருந்தால் வாசித்துப் பார்த்துக் கையொப்பம் வைத்தீர்களா? நான்கு பக்கத்தில் ஒன்றுக்கும் பதில் இல்லை. ட்ரோனின் தொடர் இலக்கத்தையே நீங்கள் எழுதி வைத்திருக்கவில்லை. பெட்டி இருக்கிறதா? அதன் பக்கத்தில் அச்சடித்திருக்கும், இன்றைக்கே படம் எடுங்கள். அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் போக நினைத்திருந்தால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தந்தது ஒரு மாதம். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால் கதை வேறு. அதையும் செய்யவில்லை. "பிறகு வாங்கோ" என்ற வாய்ச்சொல்லை நம்பி நடந்தது கால்களுக்குத்தான் நல்லது, வழக்குக்கு அல்ல.

இன்னும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின் 431ஆம் பிரிவின்படி, குற்றச் சந்தேகத்தில் பொலிஸார் எடுத்த பொருளை உடனே நீதவானுக்கு அறிக்கையிட வேண்டும். உடைமைக்கு உரித்தானவர் யார் என்று தெரிந்தால், நிபந்தனையோடோ இல்லாமலோ அவரிடம் கொடுக்க நீதவான் கட்டளையிடலாம். தெரியாவிட்டால் பகிரங்க அறிவித்தல் கொடுத்து, ஆறு மாதத்துக்குள் வந்து உரித்தை நிறுவச் சொல்லலாம். அந்தக் கெடு கடந்தால் ட்ரோனை மறக்கவேண்டி வரும். அப்படி அறிவித்தல் வந்ததா என்று முதலில் நீதிமன்றப் பதிவாளரிடம் விசாரிக்க வேண்டும்.

"உரித்தானவர்" என்ற இடத்தில்தான் மச்சானின் இலக்கம் குறுக்கே நிற்கும். அவர் வாங்கிய பற்றுச்சீட்டும் உங்களுக்கு அன்பளிப்பாகத் தந்ததாக ஒரு சத்தியக்கடதாசியும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து ட்ரோன் வருவதற்குப் பாதுகாப்பு அமைச்சு, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு ஆகியவற்றின் அனுமதியும் சுங்க வெளிப்படுத்தலும் உண்டு. அந்தத் தாள்கள் இருக்கின்றனவா இல்லையா என்பதைப் பொறுத்து, மனுப் போடுவதா, போடாமல் விடுவதா என்பதே மாறும். அதனால்தான் இந்தப் பத்தியில் மனு மாதிரி தரமாட்டேன். நீங்களாக ஒன்றை எழுதிக்கொண்டு போகவும் வேண்டாம்.

இந்தக் கிழமையே களுவாஞ்சிகுடியிலோ மட்டக்களப்பிலோ குற்றவியல் வழக்குப் பார்க்கும் ஒரு சட்டத்தரணியை நேரில் சந்தியுங்கள். வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்துக்குப் போங்கள். அடையாள அட்டை, பெட்டி, மச்சானின் பற்றுச்சீட்டு, படங்கள் எல்லாவற்றின் மூலமும் பிரதியும் எடுத்துச் செல்லுங்கள். இனிமேல் பொலிஸ் நிலையத்துக்குத் தனியே போகவேண்டாம், சட்டத்தரணியோடு போங்கள். புதிய வாக்குமூலம் எதுவும் அவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். இந்தப் பதில் உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து எழுதியது. அதிகாரசபையின் விதிகள் மாறக்கூடியவை, சம்பவம் நடந்த நாளில் இருந்த விதியைச் சட்டத்தரணி சரிபார்க்க வேண்டும். அவர் சொல்லும்வரை ரெஜிபோம் விமானத்தையும் வீட்டு மேல்தட்டிலேயே வையுங்கள்.