வீட்டின் வயதைச் சொல்லும் மரமும் புகையும்

மாணவர்களே! ஒரு பழைய வீட்டைக் காட்டி, "இது எந்த ஆண்டில் கட்டப்பட்டது?" என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? பத்திரமோ கல்வெட்டோ இல்லையென்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் பேலீஃப் என்னும் பண்ணை வீட்டுக்கு இக்கேள்வி எழுந்தது. விடை தந்தவை அதன் மரச்சட்டங்களே.

கென்ட் மாவட்டத்தில் சிடிங்ஸ்டன் என்ற ஊரில் இருந்தது இவ்வீடு. ஓக் மரச்சட்டங்களை முளையடித்துப் பிணைத்து, இடைவெளிகளைக் குச்சிப் பின்னலாலும் களிமண் பூச்சாலும் அடைத்த வீடு. நீர்த்தேக்கம் அமைக்கும் பணிக்காக, 1960-களின் இறுதியில் அது சட்டம் சட்டமாகக் கழற்றப்பட்டது. மேற்கு சசெக்ஸில் சிங்கிள்டன் அருகேயுள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மீண்டும் எழுப்பப்பட்டது.

மரம் சொன்ன செய்தி

மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் இடுகிறது. நல்ல ஆண்டில் அகன்ற வளையம். கெட்ட ஆண்டில் குறுகியது. ஒரு வட்டாரத்து மரங்கள் எல்லாவற்றிலும் இந்த வரிசை ஏறத்தாழ ஒத்திருக்கும். காலம் அறிந்த வரிசையோடு சட்டத்தின் வளையங்களைப் பொருத்தினால், மரம் வெட்டப்பட்ட காலம் தெரியும். அக்காலத் தச்சர்கள் ஓக் மரத்தை உலரவிடாமல் பச்சையாகவே இழைத்தனர். எனவே மரம் வெட்டிய காலமே வீடு கட்டிய காலம் எனலாம்.

பேலீஃபின் நடுக்கூடமும் ஒரு பக்க அறைகளும் 1405–1430 காலத்தவை. மறுபக்கத்து அறைகளோ 1505–1510 காலத்தவை! ஒரே கூரையின்கீழ் நூறாண்டு இடைவெளி. முதல் பகுதிக்கு ஏன் ஓர் ஆண்டைக் குறிப்பிட முடியவில்லை? பட்டையை ஒட்டிய கடைசி வளையம் சட்டத்தில் எஞ்சியிருந்தால்தான் ஆண்டைத் துல்லியமாகச் சொல்லலாம். இல்லையேல் ஒரு கால எல்லையைத்தான் தர இயலும்.

புகை சொன்ன செய்தி

நடுக்கூடத்துக்கு மேல்மாடி இல்லை. தரையிலிருந்து கூரைவரை வெற்றிடம். தரை நடுவே கணப்பு எரியும். புகைபோக்கி கிடையாது. சூடான புகை வெப்பச்சலனத்தால் மேலெழுந்து கூரையில் தேங்கி, இடுக்குகள் வழியே மெல்ல வெளியேறும். இத்தகைய கூடங்களின் கைமரங்களில் கரி படிந்திருக்கும். பின்னாளில் சேர்த்த மரங்களில் அந்தக் கரி இராது. எது முதல், எது பிறகு என்று கரியே காட்டிக்கொடுத்துவிடும்!

பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் செங்கல் புகைபோக்கி பரவியது. வில்லியம் ஹாரிசன் 1577-இல் வெளியான நூலில், தம் ஊர் முதியவர்கள் வியந்த மாறுதல்களுள் இதையும் குறித்திருக்கிறார்.

அது வேலை செய்வது எப்படி? ஒரு கணக்கு போடுவோம். வெளிக்காற்று 7° செ., அதாவது 280 கெல்வின். அடர்த்தி கனமீட்டருக்கு 1.26 கிலோகிராம். புகைபோக்கியினுள் 77° செ., அதாவது 350 கெல்வின். அழுத்தம் ஏறத்தாழ மாறாததால் உள்ளே அடர்த்தி 1.26 × 280 ÷ 350 = 1.01. வேறுபாடு 0.25. புகைபோக்கியின் உயரம் 8 மீட்டர் எனில், அழுத்த வேறுபாடு 0.25 × 9.8 × 8 = ஏறத்தாழ 20 பாஸ்கல். இது 2 மில்லிமீட்டர் நீர்மட்டத்துக்குச் சமம். இச்சிறு விசையே புகையை மேலே இழுத்துச் செல்கிறது.

புகை ஒரு குழாய்க்குள் அடங்கியதும் கூடத்தின் உயரம் தேவையற்றதாயிற்று. நடுவே தளம் போட்டு மாடியறை அமைத்தார்கள். திறந்த கூடங்கள் இவ்வாறுதான் மறைந்தன. பேலீஃபும் பிற்காலத்தில் புகைபோக்கி பெற்றது.

எது உண்மையான வீடு?

மீண்டும் எழுப்பியபோது பிற்காலச் சேர்க்கைகளை நீக்கி, பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த வடிவத்தையே கொடுத்தார்கள். சட்டங்களில் காலியாக நின்ற துளைகள், மறைந்த பகுதிகளைக் கண்டறிய உதவின. இதனால் திறந்த கூடத்தை இன்று நேரில் காண முடிகிறது. ஆனால் புகைபோக்கியோடு வாழ்ந்த பல தலைமுறைகளின் வீடு கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு காலத்தைக் காட்ட, மற்றொன்றை விலக்க வேண்டியதாயிற்று. பழையதைக் கழற்றுமுன் அளந்து, படம் எடுத்து, எழுதி வைப்பது எவ்வளவு இன்றியமையாதது என்பது இப்போது புரிகிறதல்லவா?

செய்து பாருங்கள்: வெளிக்காற்று 27° செ. ஆக உயர்ந்து, உள்ளே அதே 77° செ. இருந்தால் புகைபோக்கியின் இழுப்பு கூடுமா, குறையுமா? (விடை: குறையும், ஏறத்தாழ 13 பாஸ்கல்.)