‘வா’வா, ‘கா’வா? ஜப்பானிய எழுவாயைப் பிடிக்கும் வழி

ஜப்பானிய மொழி படிக்கத் தொடங்கும் தமிழருக்குச் சொல் வரிசை சிரமம் தருவதில்லை. வினை கடைசியில் வரும். உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். தடுக்கும் இடம் எழுவாய்தான். தமிழில் முதல் வேற்றுமைக்கு உருபில்லை. ஜப்பானியத்தில் அங்கே ‘வா’வும் வருகிறது, ‘கா’வும் வருகிறது. (‘கா’வைக் ‘கங்கை’யின் முதல் எழுத்துப்போல் ஒலிக்க வேண்டும். ‘வா’வை எழுதுவதோ ‘ஹா’ என்ற எழுத்தால்.)

இரண்டும் எழுவாய் உருபுகள் என்று மனப்பாடம் செய்வதுதான் குழப்பத்தின் வேர். எழுவாயைக் காட்டுவது ‘கா’. எதைப் பற்றிப் பேச்சு என்று முன்வைப்பது ‘வா’.

முதலில் வினாச்சொற்களை எடுத்துக்கொள்ளலாம். ‘யார்’, ‘எது’ எழுவாயானால் ‘கா’தான்: ‘தாரே கா கித்தா?’ (யார் வந்தது?). விடையும் அதையே பின்பற்றும்: ‘தனாக்கா சான் கா கித்தா’.

அடுத்து, கேட்பவருக்குப் புதிய செய்தி. ஜன்னலுக்கு வெளியே மழையைக் கண்டவர் ‘ஆமே கா ஃபுத்தே இரு’ என்பார். நாட்டுப்புறக் கதைகளில் கிழவர் முதன்முறை ‘கா’வோடு அறிமுகமாவார், அடுத்த வாக்கியத்தில் அவரே ‘வா’வுக்கு மாறிவிடுவார்.

பெயரெச்சத் தொடருக்குள்ளும் ‘கா’வே வரும். ‘வத்தாஷி கா கத்தா ஹோன்’ என்றால் ‘நான் வாங்கிய புத்தகம்’.

தமிழருக்கு உண்மையான அனுகூலம் இனிதான் இருக்கிறது. ‘எனக்கு ஜப்பானிய மொழி புரியும்’ என்பது ‘வத்தாஷி வா நிஹோங்கோ கா வகாரு’. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் மொழியைச் செயப்படுபொருளாக்கி ‘ஓ’ உருபைச் சேர்த்துவிடுவார்கள். தமிழிலோ புரிவது மொழி. ‘எனக்கு’ என்பது நான்காம் வேற்றுமை. ஆகவே, ‘எனக்கு’ வரும் இடத்தில் ‘வா’, புரிவது எதுவோ அதற்குக் ‘கா’. ‘எனக்கு மீன் பிடிக்கும்’ என்பதற்கும் இதே அச்சுதான்: ‘வத்தாஷி வா சகானா கா சுகி’. ‘யானைக்கு மூக்கு நீளம்’ என்பதும் அப்படியே ‘ஸோ வா ஹானா கா நகாய்’. இலக்கண அறிஞர் அகிரா மிகாமி 1960இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலுக்கு இந்த வாக்கியமே தலைப்பு.

ஒப்பிட்டுப் பிரிக்கவும் ‘வா’ உதவும். ‘சகானா வா தபேரு, நிக்கு வா தபெனாய்’: மீன் சாப்பிடுவேன், இறைச்சிதான் சாப்பிட மாட்டேன்.

பயிற்சிக்குச் சிறுவர் கதையோ, என்எச்கே வெளியிடும் எளிய ஜப்பானியச் செய்தியோ போதும். ஒரு பத்தியில் ‘வா’, ‘கா’ இரண்டையும் மறைத்துவிட்டுத் தாமாக நிரப்பிப் பார்க்க வேண்டும். தவறிய இடங்களில், அந்தப் பெயர் முன்பே பேசப்பட்டதா, ‘யார்’, ‘எது’ என்ற கேள்விக்கு விடையா, தமிழில் ‘-க்கு’ ஏற்குமா என்று வரிசையாகச் சோதிக்கலாம்.