மூச்சும் பந்தும்

காற்பந்தாட்டத்தின் பிற்பாதியில், பந்து அருகே உருண்டும் ஓடமாட்டாது நிற்கும் இளைஞரை நாம் கண்டிருக்கின்றோம். நெடுந்தூரம் மெல்ல ஓடிப் பழகுதலே இதற்கு மருந்தென எண்ணியுமிருந்தோம். 2001-ஆம் ஆண்டில் வெளிவந்த நார்வே நாட்டு ஆராய்ச்சியொன்று வேறு வழி காட்டுகின்றது. பதினெட்டு வயதளவான ஆட்டக்காரர் சிலர், வழக்கமான பயிற்சியோடு வாரம் இருமுறை, இருதயத் துடிப்பு அதன் உச்சத்தில் நூற்றுக்கு 90 முதல் 95 பங்கை எட்டுமாறு 4 நிமிஷம் ஓடி, பின்னர் 3 நிமிஷம் மெல்லோட்டமாய் இளைப்பாறினர். இங்ஙனம் நான்கு முறை. எட்டு வாரங்களில், உடல் நிறையின் கிலோகிராம் ஒன்றுக்கு நிமிஷந்தோறும் அவர் கொள்ளவல்ல பிராணவாயுவின் உச்ச அளவு 58 மில்லிலிட்டரினின்று 64 ஆயிற்று. ஆட்டத்தில் ஓடிய தூரம் ஐந்திலொரு பங்கு மிகுந்தது, விரைவோட்டங்களோ இருமடங்காயின. மூச்சு நீண்டால் பந்தின்மேல் ஆசையும் நீளும் போலும்! ஆயினும் ஓட்டத்தின் வேகமும், உதையின் விசையும், பந்தனுப்பும் நேர்த்தியும் முன்போலவே நின்றன.