அர்ஸ்லான்பாப் அக்ரூட்: காட்டிலிருந்து எல்லை வரை

கிர்கிஸ்தானின் தென்பகுதியில் ஃபெர்கானா மலைத்தொடரின் சரிவுகளில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 2,000 மீட்டர் உயரம் வரை, வால்நட் எனப்படும் அக்ரூட் மரங்கள் இயற்கைக் காடுகளாகவே பரந்துள்ளன. ஜலாலாபாத் மாகாணத்து அர்ஸ்லான்பாப் காடு அவற்றுள் பெயர்பெற்றது. கடற்கரையே இல்லாத இந்நாட்டிலிருந்து வெளியேறும் சரக்கு மலைச்சாலைகளில் லாரியேறித்தான் எல்லையை அடைகிறது என்பதால், விலை போகாத எடையை எவ்வளவு முன்னதாகக் கழிக்கிறார் என்பதைப் பொறுத்தே உற்பத்தியாளரின் இலாபம் அமைகிறது. பச்சைத் தோல் காட்டோரத்திலும், நீர் கிராமத்து முற்றத்திலும், ஓடு அருகிலுள்ள பட்டறையிலும் கழிந்துவிட வேண்டும். 30 விழுக்காடு ஈரம் கொண்ட 100 கிலோ ஓட்டுக்காயை 8 விழுக்காட்டுக்கு உலர்த்தினால் 76 கிலோவே எஞ்சும். அதில் பருப்பின் பங்கு 40 முதல் 45 விழுக்காடு எனக் கொண்டால், இறுதியில் ஏற்றுமதிக்குத் தேறுவது 30 முதல் 34 கிலோதான்.

முதலில் செய்ய வேண்டியது, பறிக்கும் உரிமையை எழுத்தில் உறுதிசெய்வது. காடு அரசுக்குச் சொந்தமானது. ‘லெஸ்கோஸ்’ என வழங்கும் அரசு வன நிறுவனத்திடமிருந்து குடும்பங்கள் குத்தகைக்கு எடுக்கும் பகுதியின் எல்லை ஆவணத்தில் தெளிவாக இருந்தால், அறுவடைக் காலத்தில் அண்டை வீட்டாரோடு வழக்கு நேராது. வசந்தகாலப் பனியில் பூக்கள் கருகும் ஆண்டுகளில் விளைச்சல் அடியோடு சரிந்துவிடுவதால், கோடை முடிவில் காய்ப்பிடிப்பைக் கண்ணால் கண்ட பின்னரே விற்பனை அளவுக்கு வாக்குக் கொடுப்பது நல்லது.

அறுவடை செப்டம்பர் இறுதியில் தொடங்கி அக்டோபர் முழுவதும் நீடிக்கும். பச்சைத் தோல் வெடிக்கத் தொடங்குவது வெளி அடையாளம். பருப்பின் இரு பாதிகளுக்கு இடையிலுள்ள மெல்லிய தடுப்புச் சவ்வு வெண்மையிலிருந்து பழுப்பாக மாறுவது நம்பத்தக்க உள் அடையாளம். பிறர் முந்திக்கொள்வார்கள் என்ற அச்சத்தில் அதற்கு முன்பே மரத்தை உலுக்குவோர் உண்டு. அவ்வாறு கிடைக்கும் காயில் பருப்பு சுருங்கிப்போகும் என்பதோடு, கழியால் ஓங்கி அடிக்கும்போது அடுத்த ஆண்டின் மொட்டுகளும் உதிரும். தானாக விழுந்த காய்களை நாள்தோறும் பொறுக்கிவிட வேண்டும். ஈர மண்ணில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் பருப்பின் நிறம் கறுக்கும், பூஞ்சணமும் ஏறும்.

பச்சைத் தோலை ஒரு நாளுக்குள் உரிக்க வேண்டும். அதிலுள்ள ‘ஜுக்லோன்’ என்ற வேதிப்பொருள் கையைக் கறையாக்குவதால் கையுறை தேவை. தாமதித்தால் அழுகும் தோலின் சாறு ஓட்டின் வழியே பருப்பையும் கறையாக்கும். உரித்த காயைத் தூய நீரில் விரைவாகக் கழுவி, ஓட்டின் பொருத்துக்கோடு பிளந்தவற்றை நீர் உட்புகும் என்பதால் கழுவாமலே தனியே ஒதுக்க வேண்டும்.

தரம் நிலைபெறுவதும் கெடுவதும் பெரும்பாலும் உலர்த்தும்போதுதான். மண்தரையில் பரப்பாமல், காற்று அடியிலும் புகும்படி உயர்த்திய வலைத்தட்டுகளில், இரண்டு மூன்று காய் ஆழத்துக்கு மேற்படாமல் பரப்பி, நாளில் பலமுறை கிளறி, மாலைப் பனி இறங்குமுன் மூடவோ உள்ளே எடுக்கவோ வேண்டும். உச்சிவெயில் நேரே பட்டால் ஓடு பிளக்கக்கூடும் என்பதால் காற்றோட்டமுள்ள நிழலே மேலானது. அக்டோபர் மழை விடாது பெய்யும் ஆண்டுகளில் வெப்பக்காற்று உலர்த்தி இன்றியமையாதது. பருப்பில் 60 விழுக்காட்டுக்கு மேல் எண்ணெய் இருப்பதால், 43 டிகிரி செல்சியசைத் தாண்டிய காற்று விரைவு தருவதுபோல் தோன்றினாலும் பிற்காலக் காறல் வாடைக்கு, அதாவது எண்ணெய் கெட்டுக் கசக்கும் நிலைக்கு, வித்திடும். உடைத்துப் பார்க்கும்போது உள்தடுப்புச் சவ்வு வளையாமல் அப்பளம்போல் முறிந்தால் காய் உலர்ந்தது எனலாம். ஆயினும் வணிகத்துக்கு ஈரமானியின் அளவே சான்றாகும். ஐக்கிய நாடுகள் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் தரநிலை, முழுக்காய்க்கு 12 விழுக்காட்டையும் ஓட்டிலிருந்து எடுத்த பருப்புக்கு 5 விழுக்காட்டையும் ஈரத்தின் உச்சவரம்பாக வைத்துள்ளது.

இக்காட்டு மரங்கள் பெரும்பாலும் விதையிலிருந்து முளைத்தவை என்பதால் மரத்துக்கு மரம் காயின் பருமனும் ஓட்டின் தடிப்பும் வேறுபடுகின்றன. சீரான சரக்கை எதிர்பார்க்கும் வெளிநாட்டு வாங்குநருக்கு இது குறையே. ஆகவே சல்லடையால் பருமன் பிரித்து, சீரான பெருங்காய்களை மட்டும் ஓட்டோடு விற்கவும், எஞ்சியவற்றை உடைத்துப் பருப்பாக விற்கவும் ஒதுக்குவது பொருத்தம். குளிர்காலத்தில் சிறு சுத்தியலால் கையுடைப்புச் செய்வது மெதுவானதாயினும் முழுப்பாதிகள் மிகுதியாகக் கிடைக்கும். வெளிர்நிற முழுப்பாதிக்கும் கறுத்த துண்டுக்கும் உள்ள விலை வேறுபாடு அந்தக் கூலியை எளிதில் ஈடுகட்டும். பருப்பை நிறவாரியாகப் பிரித்து, காற்றகற்றிய உறைகளில் அடைத்து, 10 டிகிரிக்குக் கீழே, பெட்ரோல், வெங்காயம் போன்ற வாடை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். பூஞ்சண நச்சான அஃப்ளாடாக்சினின் பி1 வகைக்கு, நேரடியாக உண்ணும் வால்நட்டில் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் என்ற உச்சவரம்பு விதித்திருப்பதால், ஏற்றுமுன்னரே ஆய்வகச் சான்று பெறுவது சிக்கனம். எல்லையில் திருப்பப்படும் லாரி இருமுறை வாடகை கேட்கும்.

சந்தையைப் பொறுத்தவரை, கிர்கிஸ்தான் 2015-இல் யூரேசியப் பொருளாதார ஒன்றியத்தில் சேர்ந்ததால் கசகஸ்தானுக்கும் ரஷ்யாவுக்கும் சுங்கவரியின்றி அனுப்பலாம். சீனா நோக்கிய தோருகார்ட் கணவாய் 3,700 மீட்டருக்கு மேலும், தெற்கிலிருந்து பிஷ்கெக்குக்குச் செல்லும் சாலையின் கணவாய்கள் 3,000 மீட்டருக்கு மேலும் இருப்பதால், பனிச்சரிவுக் காலத் தாமதத்தை ஒப்பந்த நாள்களில் முன்கூட்டியே சேர்க்க வேண்டும். துறைமுகம் இல்லாத நாட்டின் விற்பனையாளர், கப்பலில் ஏற்றும்வரை பொறுப்பேற்கும் எஃப்ஓபி விதியைத் தவிர்த்து, குறித்த கிடங்கில் வாங்குநரின் போக்குவரத்து நிறுவனத்திடம் ஒப்படைப்பதோடு பொறுப்பு முடியும் எஃப்சிஏ விதியைக் கோருவது பாதுகாப்பானது. ஓட்டுக்காய்க்கு 0802.31, பருப்புக்கு 0802.32 என்ற சுங்கக் குறியீட்டு எண்களைப் பட்டியலில் பிழையின்றி எழுதி, தாவர நலச் சான்றிதழையும் விளைநாட்டுச் சான்றிதழையும் இணைத்து, ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் இரு தரப்பும் முத்திரையிட்ட மாதிரி ஒன்றைக் கிடங்கிலேயே வைத்துக்கொண்டால், சேருமிடத்தில் ஈரம் கூடிவிட்டது என்ற புகார் எழும்போது அதைச் சோதித்துத் தீர்க்க இயலும்.