மின்னணு வருகை அட்டை

மாணவர்களே, முன்பு தாய்லாந்துக்குச் செல்லும் அயல்நாட்டினர் விமானத்திலேயே ஒரு தாள் படிவத்தை நிரப்புவர். பேனாவை இரவல் கேட்கும் குரல் இருக்கைதோறும் எழும். 2025 மே 1 முதல் அப்படிவத்தின் இடத்தில் மின்னணு வருகை அட்டை நடைமுறைக்கு வந்தது. வான், தரை, கடல் என எவ்வழியாகச் செல்வோரும், அந்நாட்டை அடைவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இதனை இணையவழி நிரப்புதல் வேண்டும்.

இதற்குக் கட்டணம் இல்லை. ஆயினும் அரசுத் தளம்போலத் தோன்றும் போலித் தளங்கள் பணம் பறிக்கின்றன. கட்டணம் கேட்கும் பக்கத்தை உடனே மூடிவிடுக. இவ்வட்டை விசா அன்று. விசா தேவைப்படுவோர் அதனைத் தனியே பெறுதல் வேண்டும்.

பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளவாறே எழுதுக. நம் தலைப்பெழுத்து வழக்கம் இங்கேதான் இடர் தரும். பள்ளிப் பதிவேட்டில் ஓரெழுத்தாக நிற்கும் தந்தை பெயர், கடவுச்சீட்டில் முழுமையாக விரிந்திருக்கும். படிவத்திலும் அவ்வாறே அமைதல் வேண்டும்.

இந்தியாவும் 2025 அக்டோபர் 1 முதல் வெளிநாட்டவர்க்கு இத்தகைய அட்டையை வழங்குகிறது. இந்தியக் குடிமக்கள் அதனை நிரப்ப வேண்டியதில்லை.

பயிற்சி: வருகை அட்டைக்கும் விசாவுக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு தொடர்களில் எழுதுக.