ஹெரால்டு காரும் அதன் பராமரிப்பும்
(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

முன்னுரை

சென்னை மண்ணில் உருவான கார்களுள் ஸ்டாண்டர்டு ஹெரால்டு குறிப்பிடத்தக்கது. 1948 இல் தொடங்கப்பெற்ற ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம், 1961 முதல் இதனைத் தயாரித்தது. இங்கிலாந்தில் 1959 இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டே இதன் மூலம். வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கலாட்டி. இதன் சேஸிஸைக் குறுக்கித்தான் 1962 இல் 'ஸ்பிட்ஃபயர்' என்னும் ஸ்போர்ட்ஸ் கார் உருவாக்கப்பட்டது. ஆகவே ஹெரால்டைக் காப்பாற்றும் முறை ஸ்பிட்ஃபயருக்கும் பெரிதும் பொருந்தும். இன்றும் இவ்வண்டிகளை வைத்திருப்போர் அறிய வேண்டுவனவற்றை இங்குக் காண்போம்.

கிரீஸா, எண்ணெயா?

முன்சக்கரம் திரும்புவதற்கு ஆதாரமாக இருப்பது செங்குத்தான ஓர் எஃகுத் தண்டு. அதன் அடிமுனையிலுள்ள மரை, 'ட்ரன்னியன்' எனப்படும் வெண்கல உறுப்பினுள் திருகப்பட்டிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இம்மரையும் சிறிது திரும்பும்.

இவ்வுறுப்புக்குக் கிரீஸ் கூடாது. கியர் பெட்டிக்கு ஊற்றும் தடித்த 90 எண் எண்ணெயே வேண்டும். கிரீஸ் நாளடைவில் இறுகி, மரையின் இடுக்குகளுக்குள் பரவாமல் நின்றுவிடும். உள்ளே நீர் புகும், எஃகு துருப்பிடிக்கும், தண்டு மெலியும். ஒருநாள் வளைவில் திரும்பும்போது அது முறிந்தால், சக்கரம் மடிந்து வண்டி தரையில் அமர்ந்துவிடும். 'அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது' என்ற பழமொழி இதற்கு முற்றும் பொருந்தும்.

கிரீஸ் கன்னைக் கையில் எடுத்த மெக்கானிக் எல்லா நிப்பிள்களிலும் கிரீஸ் அடிப்பது வழக்கம். எனவே உரிமையாளரே முன்கூட்டிச் சொல்லிவிடுதல் நலம். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, எண்ணெய் நிரப்பிய கன்னால், பழைய அழுக்கு வெளியேறிப் புதிய எண்ணெய் கசியும்வரை அடிக்க வேண்டும். இடையிடையே ஸ்டியரிங்கை இருபுறமும் முழுவதும் திருப்ப வேண்டும். இட, வலப் பக்க ட்ரன்னியன்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தலாகாது.

மந்தைவெளியில் இக்கவனம் இருமடங்கு தேவை. பட்டினப்பாக்கம் கடற்கரை மிக அருகில் உள்ளது. உப்புக் கலந்த ஈரம் மின்பகுளியாகச் செயற்பட்டு எஃகின் அரிப்பை விரைவாக்குகிறது. ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறையும், தெருவில் தேங்கிய நீரில் வண்டி ஓடியபின் ஒருமுறையும் எண்ணெய் இடுவது நன்று. சேஸிஸின் அடிப்பகுதியையும் நல்ல நீரால் கழுவி உலர்த்த வேண்டும்.

பின் அச்சு

ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடுபவை. குறுக்கே கிடக்கும் பட்டை வில் அவற்றைத் தாங்குகிறது. வேகமாக வளையும்போது ஆக்சிலேட்டரைத் திடீரென விட்டாலோ பிரேக்கை மிதித்தாலோ வண்டியின் பின்பகுதி உயர்ந்து, சக்கரம் உள்நோக்கி மடங்கும், பிடிமானம் குறையும். 1972 இல் வந்த 'கெசல்' காரில் ஒரே அச்சாக இது மாற்றப்பட்டது. ஆகவே வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைப்பதுதான் சிறந்த பாதுகாப்பு.

மேம்பாடு எதிலிருந்து?

பலர் முதலில் எஞ்சினின் ஆற்றலைக் கூட்ட விரும்புவர். இயற்பியல் வேறு விதமாகச் சொல்கிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. 800 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்கையில் ஏறத்தாழ 1,11,000 ஜூல் ஆற்றல் பெறும், 90 கி.மீ. வேகத்தில் 2,50,000 ஜூல். வேகம் ஒன்றரை மடங்குதான். பிரேக் வெப்பமாக மாற்ற வேண்டிய ஆற்றலோ இரண்டேகால் மடங்கு. எனவே முதலில் பிரேக், அடுத்து டயர், கடைசியில் எஞ்சின் என்பதே முறையான வரிசை. பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால் அதன் கொதிநிலை தாழும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுக. ஒரே அச்சில் ரேடியல் டயரையும் பழைய வகை டயரையும் கலந்து பொருத்தாதீர்.

இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. இது பழைய ரப்பர்க் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் சவ்வையும் கெடுக்கும். எத்தனால் தாங்கும் குழாய்களை மாற்றுவதும், கலவை மெலிந்துவிடாதபடி கார்புரேட்டரைச் சரிசெய்வதும் தீ விபத்தையும் எஞ்சின் சூடேறுதலையும் தவிர்க்கும்.

இன்னொன்றும் நினைவில் கொள்ள வேண்டும். 2021 இல் வந்த விதிகளின்படி, 50 ஆண்டு கடந்த காரைப் பழம்பெரும் வாகனமாகப் பதிய வேண்டுமெனில், அதன் சேஸிஸ், கூடு, எஞ்சின் ஆகியவை மூல வடிவில் இருத்தல் வேண்டும். எஞ்சினை மாற்றிவிட்டுப் பின் வருந்திப் பயனில்லை.

முடிவுரை

பழைய காரைக் காப்பதற்குப் பெரும்பணத்தைவிட அறிவும் ஒழுங்குமே மிகுதியும் தேவை. ஒரு கரண்டி எண்ணெய் இடவேண்டிய இடத்தில் கிரீஸ் இட்டால் உயிருக்கே ஆபத்து. எது ஏன் செய்யப்படுகிறது என்பதை அறிந்து செய்வதே அறிவியல். நம் நகரில் பிறந்த இந்த வண்டிகள் இன்னும் பல்லாண்டு ஓட அதுவே வழி.