இருவகை நார்

சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில், கிழங்கு அறுவடைக் காலத்தில் பயணம் செய்வோர், ஆலைகளின் முற்றங்களில் வெண்ணிறப் பரப்பு ஒன்று வெயிலில் காய்வதைக் காண்பர். அது மரவள்ளிக் கிழங்கின் மாவு. கிழங்கின் தோலை நீக்கி அரைத்து, நீர்விட்டு அலசி, பாலைத் தனியே வடித்துத் தெளியவைத்து, அம்மாவினின்று சவ்வரிசி செய்கின்றனர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இவ்வட்டாரத்தில் வேரூன்றிய தொழில் இது. பால் வடிந்தபின் எஞ்சும் சக்கைக்குத் 'திப்பி' என்று பெயர். அது கால்நடைத் தீவனமாகச் செல்கிறது. பாயசத்தில் முத்துப்போல் மிதக்கும் சவ்வரிசியில் நார்ச்சத்து இல்லை என்றே கூறிவிடலாம். நார் முழுதும் திப்பியோடு போயிற்று.

மாட்டிற்குப் போகும் அந்த நாரினால் மனிதனுக்கு ஆவது என்ன? நம் செரிமான நீர்களால் கரைக்கவியலாத தாவரப் பகுதியே நார்ச்சத்து. உடலில் ஒட்டாத பொருள் என்று நெடுங்காலம் அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. ஆப்பிரிக்காவில் பணியாற்றிய டெனிஸ் பர்க்கிட் என்னும் அறுவை மருத்துவர் 1970-களில் அதன் சிறப்பை வற்புறுத்திய பின்னரே உலகம் செவிசாய்த்தது.

நார் எல்லாம் ஒன்றே என்று எண்ணி யானும் ஏமாந்தேன். பணி ஓய்வு பெற்றபின் என் குருதியைச் சோதித்தபோது, கொலஸ்டிரால் என்னும் கொழுப்புப் பொருள் மிகுந்திருந்தது. மாத்திரை தந்த மருத்துவர், நார்ச்சத்து மிக்க உணவு கொள்ளுமாறும் கூறினார். யான் கோதுமைத் தவிட்டை வாங்கிக் கஞ்சியிற் கலந்து மூன்று திங்கள் உண்டேன். மலச்சிக்கல் அகன்றது, ஆனால், தவிட்டினால் கொலஸ்டிரால் குறையவில்லை. அம்மருத்துவர் பள்ளியில் என்னிடம் தமிழ் பயின்றவர். "ஐயா, ஒரு சொல்லுக்குப் பல பொருள் உண்டென்று எங்களுக்குக் கற்பித்தவர் தாங்கள், நார் என்னும் சொல்லுக்கு மட்டும் ஒரே பொருள் கொண்டுவிட்டீர்களே!" என்று அவர் நகைத்தார்.

மாணவர்களே, இதனை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கிண்ணத்தில் வெந்தயப் பொடியையும் மற்றொன்றில் கோதுமைத் தவிட்டையும் இட்டு, நீர் ஊற்றி இரவு முழுதும் வைத்திருங்கள். காலையில் தவிடு ஊறியும் தவிடாகவே கிடக்கும். வெந்தயமோ கொழகொழவென்று கூழாகியிருக்கும். முன்னது கரையா நார். பின்னதில் இருப்பது கரையும் நார். குருதிக் கொழுப்பைக் குறைப்பது இப்பிசுபிசுப்பே.

அஃது எவ்வாறெனிற் கூறுவேன். நம் கல்லீரல் கொலஸ்டிராலைக் கொண்டு பித்த அமிலங்களை ஆக்குகிறது. அவை பித்தநீரோடு சிறுகுடலுக்கு வந்து, உணவிலுள்ள கொழுப்பைச் செரிக்கத் துணைசெய்கின்றன. வேலை முடிந்ததும் அவற்றுள் நூற்றுக்கு 95 பங்கு குடலின் கடைப்பகுதியில் உறிஞ்சப்பட்டு மீண்டும் கல்லீரலை அடைகின்றன. சிக்கனமான குடும்பத்தலைவி பாத்திரத்தைக் கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது போன்றது இது. கரையும் நார் குடலிற் கூழாய்ப் பரவும்போது, பித்த அமிலத்தில் ஒரு பகுதி அதனுள் சிக்கி மலத்தோடு வெளியேறிவிடுகிறது. குறைந்ததை ஈடுசெய்யக் கல்லீரல் புதிதாகப் பித்த அமிலம் ஆக்கவேண்டும்; அதற்கு வேண்டிய கொலஸ்டிராலைக் குருதியிலிருந்து ஈர்த்துக்கொள்கிறது. தவிடு போன்ற கரையா நாருக்கு இவ்வாற்றல் இல்லை. குடலைப் பெருக்கித் தூய்மை செய்வதே அதன் பணி, அதுவும் வேண்டுவதே.

இதனால் விளையும் பயனை மிகைப்படுத்தலாகாது. ஓட்ஸ் தானியத்திலுள்ள கரையும் நாரை நாள்தோறும் 3 கிராம் உட்கொண்டால், 100 மில்லிலிட்டர் குருதியில் ஏறத்தாழ 5 மில்லிகிராம் கொலஸ்டிரால் குறையும் என்று, 67 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அறிஞர் 1999-இல் கணக்கிட்டனர். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார், கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடியை நாளொன்றுக்கு 100 கிராம் வீதம் நீரிழிவு நோயாளர்க்கு உணவிற் கலந்து கொடுத்து, கொலஸ்டிரால் இறங்கியதை 1990-இல் வெளியிட்டனர். அவ்வளவு வெந்தயத்தை வீட்டில் யார் உண்பார்!

நம் சமவெளியின் பழைய உணவாகிய கேழ்வரகுக் களியின் நிலை யாது? அந்நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் கேழ்வரகில் நார் 11 கிராமுக்குச் சற்று மேல். தீட்டிய அரிசியிலோ 3 கிராமுக்கும் குறைவு. ஆயினும் கேழ்வரகு நாரில் கரையும் வகை 2 கிராமைக்கூட எட்டவில்லை. களி ஒன்றே போதும் என்று பெருமை பேசும் என்போன்ற முதியோர் இதனைக் கருத வேண்டும். அவரை, கொள்ளு முதலிய பயறுகள், வெண்டை, கொய்யா ஆகியவற்றிலிருந்தும் கரையும் நார் கிடைக்கிறது. என் பாட்டியார் களிக்குக் கொள்ளுக் கடைசலைத் துணையாக வைத்தது சுவை கருதியே; கொலஸ்டிரால் என்னும் சொல்லை அவர் கேட்டதே இல்லை.

யான் தவிட்டைக் குறைத்துக்கொண்டு, பயற்றையும் ஊறிய வெந்தயத்தையும் உணவிற் சேர்த்தேன். அடுத்த சோதனையில் அளவு சற்றே இறங்கியிருந்தது. மருத்துவர் மாத்திரையை நிறுத்தவில்லை. வெந்தயத்தை நிறுத்தவும் சொல்லவில்லை.